ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா?

உங்கள் கார் டிக்கியில் படுத்திருக்கும் ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா? கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? கார் இல்லாதவர்கள் ஆபீஸ் யு.பி.எஸ்.ஸை நினைத்துக்கொள்ளலாம். கரண்ட் போனதும் 'கீங்... கீங்...' என்று நாலு தடவை அழுதுவிட்டு, நீங்கள் அடித்துக்கொண்டிருந்த ஸ்டேட்மெண்ட்டையும் கூட்டிக்கொண்டு அதுவும் போய்விடும். நமக்கு ஒன்றும் குடிமுழுகாது. டீ குடிக்கப் போய்விடுவோம்.

கடலில் டீக்கடை கிடையாது.

முட்டத்தில் (பாரதிராஜா காமிரா வைத்த அதே முட்டம்தான்) என் காலேஜ் நண்பன் ஒருவன் ஃபைபர் வள்ளம் வைத்திருக்கிறான். 28 அடி. பின்னால் ஒரே ஒரு அவுட்போர்டு மோட்டார், பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடும் ரகம். போன் செய்தான்.

"மக்கா, ஸ்பேர் மோட்டார் ஒண்ணு எடுக்கணும். லீவுக்கு வரும்போ கடைக்குக் கூட வா."

"என்னலே திடீர்னு?"

"தம்பி படிப்பை முடிச்சிட்டு இப்ப எங்கூடத்தான் வாரான். நான் ஒருத்தன்னா வேற. அம்மைக்கு ரெண்டு புள்ளையும் ஒரே வள்ளத்துல."

இதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது?

எஞ்சின் நின்ற படகு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு ரெக்கார்டு இருக்கிறது. 2012 நவம்பரில் மெக்சிகோ கரையிலிருந்து சால்வடோர் அல்வரெங்கா என்கிற மீனவர், ஒரு இளைஞனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சின்னப் படகில் கிளம்பினார். புயலில் மோட்டார் செத்துவிட்டது. பறவை, ஆமை, மழைத்தண்ணீர் என்று 438 நாட்கள் மிதந்து, 2014 ஜனவரியில் பசிபிக்கின் அந்தப் பக்கம் மார்ஷல் தீவுகளில் தனியாகக் கரையேறினார். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல். கூடப் போன பையன் வழியிலேயே இறந்துபோனான். இரண்டாவது மோட்டார் இருந்திருந்தால் தப்பியிருப்பார்களா? அந்தப் புயலில் சொல்ல முடியாது. ஆனால் எல்லா எஞ்சினும் புயலில்தான் நிற்கும் என்றில்லை. ராமேஸ்வரம் பக்கம் அமைதியான கடலில் நின்றாலே போதும். 1974, 1976 ஒப்பந்தங்களில் போட்ட எல்லைக்கோடு தண்ணீரில் தெரியாது; நீரோட்டம் பாஸ்போர்ட் பார்ப்பதில்லை.

நாகர்கோவிலில் கடைக்காரர் முதலில் காட்டியது 15 குதிரைசக்தி. "வாங்குறதே வாங்குறீங்க, பெருசாப் பாத்து வாங்கிருங்க" என்றார். டி.வி. விற்பவரும் இதையேதான் சொல்கிறார்.

இங்கேதான் எட்டாம் கிளாஸ் வர்க்கமூலம் உதவிக்கு வந்தது. படகு தண்ணீரில் உட்காரும் நீளத்தை அடியில் அளந்து, வர்க்கமூலம் எடுத்து, 1.34-ஆல் பெருக்க வேண்டும். 25 அடி என்றால் 6.7 நாட், நம் பாஷையில் மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம். தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிற படகுக்கு ஏறத்தாழ அதுதான் உச்சவரம்பு. அதற்குமேல் விரட்டினால், தான் எழுப்பிய அலையில் தானே ஏற வேண்டியிருக்கும், எரிபொருள்தான் பறக்கும். கரைக்கு வந்து சேர 8 குதிரை போதும். மாலை ஆறு மணிக்கு அண்ணா சாலையில் பஸ் போகும் வேகம். அதில் நாம் தினமும் வீடு சேரவில்லையா?

அடுத்தது மோட்டாரின் கால், அதாவது ஷாஃப்ட். 15, 20, 25 அங்குலம் என்று வருகிறது. படகின் பின்பலகை உயரத்துக்குப் பொருந்த வேண்டும். கடையில் கைவசம் இருந்தது 15. குட்டைக்கால் மோட்டாரை மாட்டினால், அலை பின்பக்கத்தைத் தூக்கும்போது ப்ரொப்பல்லர் காற்றில் சுற்றும். பயங்கரமாகச் சத்தம் போடும், வேலை நடக்காது. (எங்கள் செக்‌ஷனில் ஒருவர் இருக்கிறார்.) 20 அங்குலம் வேண்டுமென்று ஆர்டர் கொடுத்தோம். ப்ரொப்பல்லரும் பிட்ச் குறைந்தது. சுமை வண்டி மேடு ஏற ஃபர்ஸ்ட் கியர் போடுகிற மாதிரி.

கடைசியில் கடைக்காரர் ஒரு யோசனை சொன்னார்: "பெரிய மோட்டாருக்கு பெட்ரோல் டாங்க் இருக்குல்லா? அதுலயே ஒரு டி போட்டு ரெண்டுக்கும் குடுத்திரலாம். எடம் மிச்சம். செல்ஃப் ஸ்டார்ட்டும் வச்சுக்கோங்க, இருக்க பாட்டரியே போதும்."

நண்பன் தலையாட்டப் போனான். நான் கையைப் பிடித்தேன். டாங்க்கில் தண்ணீர் கலந்தால் பெரியது நிற்கும். அதே டாங்க்கில் குடிக்கும் சின்னது மட்டும் எப்படி ஓடும்? பாட்டரி இறங்கினால் லைட், ஜி.பி.எஸ்., மோட்டார் எல்லாம் சேர்ந்து அவுட். பெரியதுக்கு வருகிற வியாதி சின்னதுக்கு வரக்கூடாது. அதற்குத்தானே இத்தனை பணம்! தனி டாங்க், தனி ஹோஸ், தனி ஃபில்டர், கயிறு இழுத்து ஸ்டார்ட். தம்பியை இழுத்துப் பார்க்கச் சொன்னோம். மூன்றாவது இழுப்பில் பிடித்தது.

"அப்ப ரெண்டு டாங்க்கையும் நான்தான் சுமக்கணுமா?" என்றான் தம்பி. பின்னே?

ஒரு வேலை பாக்கி. இப்போது நம் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். மாசக்கணக்கில் தொடாமல் வைத்தால் கார்புரேட்டரில் பிசின் கட்டும். ஆகவே சின்ன மோட்டாரை வாரம் ஒருமுறை ஓட்டியாக வேண்டும். சனிக்கிழமை கரைக்கு வரும் கடைசி ஒரு கிலோமீட்டர் சின்னதில்தான். தம்பி ஓட்டுகிறானாம்.

கரையில் மீன் ஏலம் எடுக்க நிற்பவர்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்கிறார்களாம்: "என்னலே, பெருசு இன்னைக்கும் படுத்துட்டா?"