சாக்கடைக்குப் போகும் ஆயிலும் டாஸ்மாக் பாட்டிலும்

நம்ம ஊர் டாஸ்மாக்கில் ஒரு குவார்ட்டர் வாங்கினால் விலைக்கு மேல் பத்து ரூபாய் சேர்த்து வாங்குகிறார்கள். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாய் கைக்கு வந்துவிடும். மலையில் வீசி எறிந்த பாட்டில்கள் உடைந்து காட்டு விலங்குகளின் காலைக் கிழிக்கின்றன என்று சென்னை உயர் நீதிமன்றம் பிடித்த பிடியில், 2022 மே மாதம் நீலகிரியில் ஆரம்பித்த ஏற்பாடு இது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் போனது. விற்ற பாட்டில்களில் பெரும்பாலானவை திரும்பி வந்தன. நிதானத்தில் இல்லாத குடிமகன்களே ஒழுங்காகக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள் என்றால் பத்து ரூபாயின் மகிமையைப் பார்த்துக்கொள்ளுங்கள் :-)

பாட்டில் வெறும் கண்ணாடி. காலைக் கிழிக்கும், தண்ணீரைக் கெடுக்காது. தண்ணீரைக் கெடுக்கிற ஒரு சரக்கை நாம் எல்லோரும் கடையில் வாங்குகிறோம். அதற்கு இப்படி ஒரு பத்து ரூபாயைக் கட்டிவைக்க இந்த நாட்டில் யாருக்கும் தோன்றவில்லை. எஞ்சின் ஆயிலைத்தான் சொல்கிறேன்.

நான் இருக்கும் பொம்மசந்திராவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் வேலை பார்க்கிற பையன்கள், வாடகை வீட்டு வாசலில் பைக்கைச் சாய்த்து வைத்து, ஸ்பேனரோடு உட்கார்ந்திருப்பார்கள். யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்ட வேலை. லேபர் சார்ஜ் மிச்சம், கலப்படம் இல்லாத ஆயிலை நாமே ஊற்றினோம் என்ற நிம்மதி வேறு. அதில் ஒரு தப்பும் இல்லை. நான் அந்தக் கட்சிதான். தப்பு அதற்கப்புறம் நடக்கிறது. வடித்த கறுப்பு ஆயில் எங்கே போகிறது?

நான் பார்த்தவரை நாலு இடம்.

1. தெருவோரச் சாக்கடை.
2. பக்கத்துக் காலி மனை.
3. கரையான் வரக்கூடாது என்று மரக்கதவின் அடி, வேலிக்கால், தென்னையின் தூர்.
4. கட்டட வேலை நடக்கிற இடத்தில் சென்ட்ரிங் பலகைக்குப் பூச்சு.

நாலும் கடைசியில் மண்ணுக்கும் தண்ணீருக்கும்தான் போகிறது. சென்ட்ரிங் பலகைக்குப் பூசினால் 'மறுபயன்பாடு' என்று ஒரு நண்பர் வாதாடினார். அந்த வேலையைச் செய்கிற கொத்தனாரும் சித்தாளும் கையுறை போட்டா பூசுகிறார்கள்? பழைய ஆயில் தினமும் தோலில் படிந்துகொண்டே இருந்தால் தோல் புற்றுநோய் வரலாம் என்பது பல பத்தாண்டுகளாக மருத்துவ உலகத்துக்குத் தெரிந்த விஷயம்.

புது ஆயிலுக்கும் பழைய ஆயிலுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு: எஞ்சினுக்குள் ஆயில் வெந்து, எரிந்தும் எரியாத பெட்ரோல் மிச்சத்தையும், தேய்ந்த இரும்பு, செம்பு துகள்களையும், கரியையும் சேர்த்துக்கொண்டு வெளியே வருகிறது. புற்றுநோயை உண்டாக்கும் பென்சோபைரீன் வகை ரசாயனங்கள் அதில் சேர்கின்றன. தேய்மானத்தைக் குறைக்க ஆயில் கம்பெனியே கலந்த துத்தநாகச் சேர்மானமும் இருக்கும். இது எளிதில் மக்காது. தண்ணீர் மேல் படலமாக விரிந்து காற்றை உள்ளே விடாமல் அடைத்துவிடும்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு ஒரு கணக்கு சொல்கிறது. ஒரு தடவை ஆயில் மாற்றும்போது வரும் பழைய ஆயில் பத்து லட்சம் கேலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கக் கூடியது. நம் கணக்கில் சுமார் 38 லட்சம் லிட்டர். பெங்களூரில் அபார்ட்மெண்டுக்கு வருகிற 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் அளந்தால் 300 லாரிக்கு மேல். அது மிகைப்படுத்திய மதிப்பீடு என்றே வைத்துக்கொள்ளுங்கள். பத்தில் ஒரு பங்குதான் உண்மை என்றாலும் 30 லாரித் தண்ணீர். 2024 மார்ச்சில் ஒரு டேங்கருக்காக நாம் எப்படியெல்லாம் கெஞ்சினோம் என்பதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

"என்ன சார், ஒரு லிட்டர்தானே, பேக்டரிக்காரன் விடுவதை விடவா?" இதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்விதான், பதில் சொல்கிறேன்.

நமக்கு அடுத்த ஊர் சந்தாபுரா. அதன் ஏரியைக் கழிவுநீரும் தொழிற்சாலைக் கழிவும் நாசமாக்கியதைத் தடுக்கவில்லை என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2022 அக்டோபரில் கர்நாடக அரசுக்கு 500 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. வடக்கே பெல்லந்தூர் ஏரி 2015லும் 2017லும் 2018லும் தீப்பிடித்தே எரிந்தது. பெல்லந்தூரிலிருந்து வர்த்தூர் ஏரி, அங்கிருந்து தென்பெண்ணை, பிறகு ஓசூர் கெலவரப்பள்ளி அணை. மழைக்காலத்தில் அங்கே நுரை மலைபோல் பொங்குவதை டிவியில் பார்த்திருப்பீர்கள். அதே ஆறுதான் கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைத் தாண்டிக் கடலூரில் கடலில் சேர்கிறது. இந்தக் கேட்டுக்கெல்லாம் எஞ்சின் ஆயில்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. நுரைக்குக் காரணம் பெரும்பாலும் சோப்பும் சாக்கடையும். ஆனால் இந்த நகரத்தின் சாக்கடையில் விழுவது இந்த நகரத்தோடு நின்றுவிடுவதில்லை. நம் ஊர் வயலுக்கும் வருகிறது. காவிரியில் தண்ணீர் விடவில்லை என்று ஆத்திரப்படுகிற நாம், இங்கே உட்கார்ந்துகொண்டு தென்பெண்ணைக்கு எதை அனுப்புகிறோம் என்றும் கொஞ்சம் யோசிக்கலாம்.

'ஒரு லிட்டர்தானே' என்பதற்கும் ஒரு கணக்கு போடுவோம். ஒரு ஸ்ப்ளெண்டருக்கு சுமார் 900 மில்லி ஆயில். ஒரு தெருவில் 200 பைக், வருஷத்துக்கு மூன்று தடவை மாற்றுவதாக வையுங்கள். 540 லிட்டர். இரண்டரை பேரல். ஒரு பேக்டரி இரண்டரை பேரலை ராத்திரியோடு ராத்திரியாகக் கால்வாயில் கவிழ்த்தால் மறுநாள் நாமெல்லாம் போர்டு பிடித்துக்கொண்டு நின்றிருப்போம். தெருவே சேர்ந்து சொட்டுச் சொட்டாகக் கவிழ்த்தால் அதற்குப் பெயர் ஞாயிற்றுக்கிழமை.

இவ்வளவு சொன்னாலும் என் சண்டை அந்தப் பையன்களோடு இல்லை. 15,000 ரூபாய் சம்பளத்தில் அறை வாடகை கட்டுகிறவனைப் பார்த்து 'உனக்குச் சமூகப் பொறுப்பு இல்லை' என்று வகுப்பெடுப்பது எனக்குப் பிடிக்காத காரியம். நான் காமர்ஸ் படித்தவன், பேங்கில் வேலை பார்ப்பவன். எனக்குத் தெரிந்தது வரவு செலவு. சாக்கடையில் கொட்டினால் செலவு பூஜ்யம். ஒழுங்கான இடத்துக்குக் கொண்டுபோனால் பெட்ரோல் காசும் அரை நாளும் போகும், அதுவும் எந்த இடம் என்று தேடிக் கண்டுபிடித்தால். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு விழிப்புணர்வு போஸ்டர் ஒட்டினால் பசைதான் வீண்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2016ல் வந்த திடக்கழிவு விதிகள், வீடுகளில் சேரும் அபாயகரமான குப்பைக்கு 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையம் வைக்க வேண்டும் என்று உள்ளாட்சிகளுக்குச் சொன்னது. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் அப்படி ஒன்றைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள்.

அடுத்து, 2023 செப்டம்பரில் பழைய ஆயிலுக்கென்றே மத்திய அரசு ஒரு திருத்தம் கொண்டுவந்தது. 2024 ஏப்ரல் 1 முதல் அமல். ஆயில் தயாரிக்கிற, இறக்குமதி செய்கிற கம்பெனிகள் தாங்கள் விற்றதில் ஒரு பங்குக்கு ஈடான பழைய ஆயில் மறுசுழற்சி ஆனதைக் காட்ட வேண்டும். முதல் வருஷம் 5 சதவீதம், படிப்படியாக 50 சதவீதம் வரை. எப்படிக் காட்டுவது? மறுசுழற்சி ஆலைகளிடமிருந்து சான்றிதழ் வாங்கிக் கணக்கில் காட்டினால் போதும்.

பேங்க்காரர்களுக்கு இந்த இடத்தில் சிரிப்பு வரும். 2016 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி இதே மாதிரி ஒன்றை எங்களுக்குக் கொடுத்தது. விவசாயம், சிறுதொழில் என்று முன்னுரிமைத் துறைக்குக் கொடுக்க வேண்டிய கடன் இலக்கை எட்டாத பேங்க், அதிகமாகக் கொடுத்த இன்னொரு பேங்கிடம் சான்றிதழ் வாங்கி இலக்கை முடித்துக்கொள்ளலாம். மோசமான திட்டம் இல்லை, கொடுத்தவனுக்கு வருமானம். ஆனால் சான்றிதழ் வாங்கிய பேங்கின் வாசலை எந்தச் சின்ன விவசாயியும் மிதித்திருக்க வேண்டியதில்லை. ஆயில் கதையும் அப்படித்தான் போகும். பஸ் டிப்போ, பெரிய சர்வீஸ் சென்டர், பேக்டரி என்று பேரல் பேரலாகக் கிடைக்கிற இடத்தில் அள்ளினாலே இலக்கு முடிந்துவிடும். ஹெப்பகோடி சந்துக்குள் ஒருத்தன் கையில் வைத்திருக்கும் 900 மில்லிக்கு எந்தக் கம்பெனி வண்டி வரும்? வராது. வர வைக்கிற வரி எதுவும் அந்தத் திட்டத்தில் இல்லை.

வெளிநாட்டில் இருக்கும் நம்மாட்களுக்கு இது விசித்திரமாகத் தெரியும். அமெரிக்காவில் வண்டி உதிரிபாகக் கடைகள் பலவற்றில் பழைய ஆயிலை இலவசமாக வாங்கிக்கொள்கிறார்கள். ஜெர்மனியில் 1987லேயே விதி வந்துவிட்டது. எஞ்சின் ஆயில் விற்கிற கடைக்காரர், விற்ற அளவுக்குப் பழைய ஆயிலைக் காசு வாங்காமல் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். வாங்கிய கடையே திருப்பிக் கொடுக்கும் கடை. எவ்வளவு எளிமையான யோசனை!

"அதெல்லாம் ஜெர்மனிக்குச் சரி, நம்ம ஊருக்கு ஒத்துவராது" என்பவர்களுக்கு ஒரே வார்த்தை: பேட்டரி. இன்வெர்ட்டர் பேட்டரி வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது என்ன? "பழசு இருக்கா சார்?" 2001ல் வந்த பேட்டரி விதிகள் டீலர்கள் பழைய பேட்டரியைத் திரும்ப வாங்க வேண்டும் என்று சொன்னது. ஈயத்துக்கு விலை இருந்ததால் பழக்கமும் சுலபமாக வந்துவிட்டது. பழைய பேட்டரியைச் சாக்கடையில் போடுகிறவனை நான் பார்த்ததே இல்லை.

பழைய ஆயிலுக்கும் விலை உண்டு. ஆயில் தேய்வதில்லை, அழுக்காகத்தான் ஆகிறது. சுத்திகரித்தால் மறுபடியும் எஞ்சினுக்கே போடலாம். மெக்கானிக் கடைகளில் பேரலில் சேர்த்து விற்கிறார்களே, சும்மாவா?

என் கோரிக்கை இதுதான். லிட்டர் கேனுக்கு ஐம்பது ரூபாய் டெபாசிட். பழைய ஆயிலை அதே கேனில் ஊற்றி எந்த ஆயில் கடையில் கொடுத்தாலும் ஐம்பது ரூபாய் திரும்ப வேண்டும். புதுச் சரக்கு கொண்டுவருகிற கம்பெனி வண்டி பழையதை ஏற்றிக்கொண்டு போகட்டும். காலி கேனும் திரும்பிவிடுவதால், அதில் போலி ஆயில் அடைத்து விற்கிறவன் பிழைப்பும் போகும். ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

"தண்ணீரைக் கலந்து கொடுத்து ஏமாற்றுவானே?" ஒரு சொட்டைச் சூடான தகட்டில் விட்டால் போதும். தண்ணீர் இருந்தால் படபடவென்று பொரியும். "திரும்ப வாங்காத டெபாசிட்டைக் கம்பெனி அமுக்கிக்கொள்ளுமே?" டெபாசிட் என்பது கம்பெனிக்கு வருமானம் இல்லை, கடன். பேங்கில் பத்து வருஷம் யாரும் கேட்காத பணத்தை நாங்கள் லாபத்தில் எழுதிக்கொள்வதில்லை. 2014 முதல் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்கு அனுப்பிவிடுகிறோம். இதற்கும் அப்படி ஒரு நிதி வைத்து, ஏரியைச் சுத்தம் செய்யச் செலவழிக்கட்டும்.

சட்டம் வரும்வரை நாம் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது.

* வடித்த ஆயிலை ஆயில் வந்த கேனிலேயே ஊற்றி மூடுங்கள். குடிதண்ணீர் பாட்டில் வேண்டாம், வீட்டில் குழந்தைகள் இருக்கும்.
* பெட்ரோல், கூலன்ட், பிரேக் ஆயில் எதையும் அதில் கலக்காதீர்கள். கலந்தால் சுத்திகரிப்பு கஷ்டம்.
* பில்டரைக் கவிழ்த்து வைத்து ஒரு ராத்திரி முழுக்க வடியவிடுங்கள். அதிலும் நிறைய ஆயில் நிற்கும்.
* பேரல் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். கொடுக்கும்போதே "இது எங்கே போகிறது அண்ணே?" என்று கேளுங்கள். கடன் கொடுத்தால் பணம் எதற்குப் போனது என்று நாங்கள் போய்ப் பார்ப்பதில்லையா? அது மாதிரி. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற ஆலைக்குப் போனால் சரி. சென்ட்ரிங் பலகைக்கோ, ஏதாவது பாய்லருக்கோ என்றால் அடுத்த கடையைப் பாருங்கள்.
* அபார்ட்மெண்ட் அசோசியேஷன் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். மழை படாத இடத்தில், அடியில் தட்டு வைத்த ஒரு டிரம் போதும். நிரம்பியதும் அனுமதி பெற்ற ஆளைக் கூப்பிடலாம்.

இதையெல்லாம் பத்துப் பேர் செய்வோம், நூறு பேர் செய்ய மாட்டார்கள். எனக்குத் தெரியும். அதனால்தான் டெபாசிட் கேட்கிறேன். நல்லவர்களை மட்டும் நம்பி பேங்க் நடத்த முடியாது, ஏரியையும் காப்பாற்ற முடியாது. சாராய பாட்டிலுக்குப் பத்து ரூபாய் வைக்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு, ஆயில் கேனுக்கு ஐம்பது ரூபாய் வைக்கத் தெரியாதா என்ன?