எண்ணெய் அனுப்பும் சேதி

ஹைதராபாத்தில் தார்நாகாவிலிருந்து உப்பலுக்குப் போகும் சாலையில் ஆராய்ச்சி நிறுவனங்களின் மதில்சுவர்கள் அடுத்தடுத்து வரும். ரசாயனத்துக்கு ஒன்று, பூமியின் உட்புறத்துக்கு ஒன்று, செல்களுக்கு ஒன்று. தார்நாகாவிலேயே இருக்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 1918-ல் குன்னூரில் ஒற்றை அறையில் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கி, 1958-ல் இங்கே குடிபெயர்ந்தது. இந்தியர் சாப்பிடும் கொழுப்பைப் பற்றி விஞ்ஞானி கஃபூருன்னிஸா பல்லாண்டுகள் ஆராய்ந்தது இங்கேதான்.

கொழுப்பு என்றால் தொப்பை, மாரடைப்பு என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் அதில் ஒரு சிறு பங்கு செல்களின் மேலுறையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அடிபட்டாலோ கிருமி நுழைந்தாலோ அங்கிருந்து கிளம்பி, சேதி சொல்லும் ரசாயனங்களாக உருமாறுகிறது. சமையல் எண்ணெயில் உள்ள லினோலிக் அமிலத்திலிருந்து உடல் அராகிடோனிக் அமிலத்தைத் தயாரிக்கிறது. அதன் வாரிசுகள்தான் புராஸ்டாகிளாண்டின், திராம்பாக்சேன், லூக்கோட்ரையீன். ஆயுள் சில விநாடிகள் அல்லது நிமிடங்கள். வேலையோ ஏராளம். காய்ச்சலை ஏற்றுவதும், புண்ணை வீங்கவைப்பதும், பிரசவத்தில் கருப்பையைச் சுருக்குவதும், மாதவிடாய் வலியைத் தருவதும் புராஸ்டாகிளாண்டின்கள். ஆஸ்துமாக்காரரின் மூச்சுக்குழாயை இறுக்குவது லூக்கோட்ரையீன். ரத்தம் உறையத் தட்டணுக்களை ஒட்டவைப்பது திராம்பாக்சேன்.

ஆஸ்பிரின் 1899-லிருந்து கடையில் கிடைத்தது. அது எப்படி வேலை செய்கிறது என்பது 72 ஆண்டுகள் யாருக்கும் புரியவில்லை. புராஸ்டாகிளாண்டின் உற்பத்தியையே அது நிறுத்திவிடுகிறது என்று 1971-ல் காட்டினார் இங்கிலாந்தின் ஜான் வேன். 1982-ல் இரண்டு ஸ்வீடன் விஞ்ஞானிகளோடு அவருக்கு நோபல் பரிசு. இதய நோயாளிக்குத் தினம் ஒரு சிறு ஆஸ்பிரின் மாத்திரை தருவதும் இந்தக் கணக்கில்தான். தட்டணுவுக்கு உட்கரு கிடையாது. முடங்கிய என்சைமுக்குப் பதில் புதியதைச் செய்துகொள்ள அதனால் முடியாது. ஆகவே வாழ்நாள் முழுக்க, அதாவது சுமார் பத்து நாட்கள், திராம்பாக்சேன் இல்லாமலே ஓடுகிறது.

சிக்கல் இன்னொரு பக்கம். இரைப்பையின் உள்சுவரை அமிலத்திலிருந்து காப்பதும், சிறுநீரகத்துக்கு ரத்தம் சீராகப் போக உதவுவதும் இதே குடும்பத்து ரசாயனங்கள்தான். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் தானாகவே டைக்ளோஃபெனாக் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குபவர், வலியோடு இந்தக் காவலையும் சேர்த்தே விரட்டுகிறார். வயிற்றில் புண் வந்தபின் காரத்தைக் குறை சொல்வார்.

மூலப்பொருள் அடுப்படியில் தீர்மானமாகிறது. அரிசி, கோதுமை, பருப்பில் கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு இருக்கிறது. லினோலிக் அமிலத்தின் கணிசமான பங்கு அதிலேயே வந்துவிடுகிறது என்பது கஃபூருன்னிஸாவின் ஆய்வுகள் வலியுறுத்திய விஷயம். அதன்மேல் சூரியகாந்தி எண்ணெயை மட்டுமே ஊற்றினால் லினோலிக் மிஞ்சும். ஒமேகா-3 வகையைச் சேர்ந்த லினோலெனிக் அமிலம் இருக்காது. இரண்டும் உடலில் ஒரே என்சைம்களுக்குப் போட்டியிடுபவை. ஒமேகா-3-லிருந்து பிறக்கும் சேதிகள் பொதுவாகச் சாந்தமானவை. நல்லெண்ணெயை ஆதரிப்பவர்கள் மகிழ வேண்டாம், அதிலும் கடலை எண்ணெயிலும் ஒமேகா-3 பெயருக்குத்தான். கடுகு எண்ணெயில் சுமார் பத்து சதவீதம் உண்டு, ஆனால் அந்த நெடியைத் தமிழ் மூக்கு ஒப்புக்கொள்ள வேண்டுமே!

மத்தியும் அயிலையும் சாப்பிடுபவர்களுக்குக் கவலை குறைவு. மீன் எண்ணெய் மாத்திரையை நம்புவது வேறு கதை: அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்து 2018-ல் வெளியான பரிசோதனையில், பெரிய இதயக் கோளாறுகளை அது மொத்தத்தில் குறைத்ததாகத் தெரியவில்லை. 2024-ல் தார்நாகா நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டி, எண்ணெயை அளவோடு வைத்துக்கொண்டு பலவகை எண்ணெய் வித்துகள், கொட்டைகள், பருப்புகளிலிருந்து இந்த அமிலங்களைப் பெறச் சொல்கிறது.

சைவர்களுக்கு ஆளி விதை இருக்கிறது. அதன் எண்ணெயில் பாதி லினோலெனிக் அமிலம்தான். முழுதாக விழுங்கினால் விதை பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். தெலுங்கு வீடுகளில் அதை வறுத்து, மிளகாயும் பூண்டும் சேர்த்து இடித்து, ‘அவிசெ பொடி’ என்று சுடுசோற்றில் பிசைந்து சாப்பிடுகிறார்கள்.