செத்தது பேச்சுவார்த்தை அல்ல

இஸ்ரேல், பாலஸ்தீனம் குறித்து உலகத் தலைவர்கள் கூடிக் கலையும்போதெல்லாம் ஒரு வாக்கியம் தவறாமல் வருகிறது: அமைதிப் பேச்சுவார்த்தைக்கு மீண்டும் உயிரூட்ட வேண்டும். 2017 ஜனவரியில் பாரிஸில் சுமார் 70 நாடுகள் கூடி இதைச் சொல்லின. அந்த அறையில் இஸ்ரேலியரும் இல்லை, பாலஸ்தீனரும் இல்லை. 2025 ஜூலையில் பிரான்சும் சவூதி அரேபியாவும் நியூயார்க்கில் நடத்திய மாநாடும் இதையே சொன்னது. அதன் பிரகடனத்தை அதே ஆண்டு செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் 142 நாடுகள் ஆதரித்தன. இந்தியாவும் அவற்றில் ஒன்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என் கேள்வி வேறு. அந்தப் பேச்சுவார்த்தை உயிரோடு இருந்த காலத்தில் அது யாரை வாழவைத்தது?

1987இல் முதல் இன்டிஃபாதா தொடங்கியபோது அதைத் தாங்கிப் பிடித்தவை பெண்கள் குழுக்கள். இஸ்ரேல் ராணுவம் பள்ளிகளை மூடியது. பெண்கள் வீடுகளில் வகுப்பு நடத்தினார்கள். இஸ்ரேலியப் பொருள்களைப் புறக்கணிக்க, கூட்டுறவாகத் தாங்களே உணவுப்பொருள் தயாரித்தார்கள். அந்த எழுச்சியின் பலத்தில்தான் 1991இல் மாட்ரிட் மாநாட்டுக்குப் பாலஸ்தீனக் குழு போனது. அதன் செய்தித் தொடர்பாளராக உலகின் முன் நின்றவர் ஹனான் அஷ்ராவி. ஜஹீரா கமால், சுவாத் அமீரி ஆகியோரும் அந்தப் பேச்சுகளில் பங்கேற்றவர்கள்.

வாஷிங்டனில் வெளிப்படையாக இந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே நார்வேயில் ரகசியமாக இன்னொரு பேச்சு நடந்தது. அங்கே இரு தரப்புக்காகவும் பேசியவர்கள் ஆண்கள். 1993 செப்டம்பர் 13 அன்று வெள்ளை மாளிகைப் புல்வெளியில் உலகம் கைதட்டியது அந்த ரகசியப் பேச்சின் விளைவுக்குத்தான். ஜெருசலேம், அகதிகள், எல்லை, குடியேற்றங்கள் எல்லாவற்றையும் அது பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தது. குடியேற்றத்தை நிறுத்தாத ஒப்பந்தம் வேண்டாம் என்றார் வாஷிங்டன் குழுவின் தலைவர் ஹைதர் அப்துல் ஷாஃபி. யாரும் கேட்கவில்லை. மறு ஆண்டு மூன்று ஆண்களுக்கு நோபல் பரிசு போனது. அன்று மேற்குக் கரையில், கிழக்கு ஜெருசலேமைச் சேர்க்காமல், குடியேறிகள் 1 லட்சத்துக்குச் சற்று மேல். இன்று 5 லட்சத்துக்கும் மேல். மேசையில் பேச்சு நடந்தது. மண்ணில் வீடுகள் எழும்பின.

தள்ளிவைக்கப்பட்டதன் விலையை யார் கொடுத்தார்கள்? 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் மருத்துவமனைக்குப் போகவிடாமல் தடுக்கப்பட்டு, சோதனைச்சாவடிகளிலேயே 60க்கும் மேற்பட்ட பெண்கள் பிரசவித்ததை ஐ.நா. பதிவு செய்திருக்கிறது. பாதிக் குழந்தைகள் பிழைக்கவில்லை. 2003இல் இஸ்ரேல் ஒரு சட்டம் போட்டது. மேற்குக் கரையையோ காசாவையோ சேர்ந்த ஒருவரை மணந்த இஸ்ரேலியக் குடிமகள், கணவனோடு இஸ்ரேலில் குடும்பம் நடத்த அந்தச் சட்டம் தடையாக நிற்கிறது. 2021இல் காலாவதியான அதை 2022இல் மறுபடி நிறைவேற்றிக்கொண்டார்கள். முதலில் நாடு கிடைக்கட்டும், பெண்கள் பிரச்சினையை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லும் தோழர்களை எல்லா விடுதலை அரசியலிலும் பார்க்கிறேன். அவர்களுக்குச் சொல்கிறேன்: பிரசவமும் திருமணமும் வீடும் தண்ணீரும் ஆக்கிரமிப்புக்கு அப்பாற்பட்ட பெண்கள் பிரச்சினை அல்ல. ஆக்கிரமிப்பு நடப்பதே அங்கேதான்.

அப்படியானால் மேசையில் ஒரு பெண்ணை உட்காரவைத்தால் சரியாகிவிடுமா? ஆகாது. பாலஸ்தீனர் என்று ஒரு மக்களே இருந்ததில்லை என்று 1969இல் சொன்ன பிரதமர் கோல்டா மேயர் ஒரு பெண். 2007இல் அன்னாபொலிஸ் பேச்சைக் கூட்டிய காண்டலீசா ரைஸ் பெண். அதில் இஸ்ரேலுக்காகப் பேசிய சிப்பி லிவ்னியும் பெண். அடுத்த ஆண்டு இறுதியில் காசா மீது தொடங்கிய தாக்குதலில் ஏறத்தாழ 1,400 பாலஸ்தீனர்கள் இறந்தபோது வெளியுறவு அமைச்சர் அதே லிவ்னி. அமைதிப் பேச்சில் பெண்கள் வேண்டும் என்ற ஐ.நா. தீர்மானம் 1325க்குப் பின், 2005இல் அதைத் தன் சட்டத்திலேயே எழுதிக்கொண்ட நாடு இஸ்ரேல். எழுதியது யாரைக் காப்பாற்றியது? நாற்காலியில் யார் என்பதோடு, யாருடைய வாழ்க்கை அங்கே பேசப்படுகிறது என்றும் கேட்கச் சொல்கிறேன்.

கீழே உழைத்த பெண்களை எனக்குத் தெரியும் என்று எந்த அரசும் சொல்லாது. 1988இல் ஜெருசலேம் வீதியில் கறுப்புடை அணிந்து ஆக்கிரமிப்பை எதிர்த்து நின்ற இஸ்ரேலியப் பெண்கள் எச்சிலும் வசையும் வாங்கினார்கள். 2023 அக்டோபர் 4 அன்று ‘அமைதிக்காகப் போராடும் பெண்கள்’ என்ற இஸ்ரேலிய அமைப்பும் ‘சூரியப் பெண்கள்’ என்ற பாலஸ்தீன அமைப்பும் ஜெருசலேமிலும் சாக்கடலோரத்திலும் ஒன்றுகூடின. மூன்றே நாளில் ஹமாஸ் தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். அந்த அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான விவியன் சில்வர் தன் வீட்டில் கொல்லப்பட்டார். அதன்பின் காசாவில் இறந்தோர் எண்ணிக்கை, அங்குள்ள சுகாதார அமைச்சகக் கணக்கில், 70,000ஐத் தாண்டியது. நான் இரண்டு துயரத்தையும் சொல்கிறேன். இரண்டு தரப்பின் அதிகாரமும் சமம் என்று சொல்லவில்லை.

அந்தச் சமம்தான் ராஜதந்திரத்தின் பெரிய பொய். அடித்தவனையும் அடிவாங்கியவளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, ரெண்டு பேரும் விட்டுக்கொடுங்க என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துப் போகும் பெரியவர்களை நமக்கு நன்றாகத் தெரியும். இந்தப் பெரியவர்கள் போகும்போது அடித்தவன் கையில் தடியையும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். 2020இல் அமெரிக்கா, இரு தரப்பு மக்களும் சந்தித்துப் பேச ஐந்தாண்டுக்கு 25 கோடி டாலர் ஒதுக்கியது. ஆண்டுக்கு 5 கோடி. 2016இல் போட்ட ஒப்பந்தப்படி இஸ்ரேலுக்கு அது தரும் ராணுவ உதவி ஆண்டுக்கு 380 கோடி டாலர். பேச்சுக்குக் கொடுப்பதைப்போல் 76 மடங்கு. பிள்ளையையும் கிள்ளி, தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதுதான் இது.

2024 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம், இஸ்ரேலின் ஆக்கிரமிப்பு சட்டவிரோதம், அதைத் தொடர எந்த நாடும் உதவக் கூடாது என்று கருத்துரைத்தது. அதைச் செயல்படுத்த 12 மாதக் கெடு வைத்த தீர்மானம் செப்டம்பரில் பொதுச்சபைக்கு வந்தபோது பிரிட்டன், ஜெர்மனி, இந்தியா மூன்றும் வாக்களிக்காமல் ஒதுங்கின. மறு ஆண்டு நியூயார்க் பிரகடனத்துக்கு மூன்றுமே கை தூக்கின. செலவில்லாத வாக்குக்குக் கை எழும்புகிறது. ஆயுத விற்பனையையும் வணிகத்தையும் தொடும் வாக்குக்கு எழும்புவதில்லை.

2025 அக்டோபரில் போர்நிறுத்தத்தைக் கொண்டாட ஷார்ம் எல்-ஷேக்கில் கூடினார்கள். மேடையில் இத்தாலியப் பிரதமர் மெலோனியின் அழகைப் பற்றி டிரம்ப் பேசினார். அடுத்த மாதம் காசாவை மேற்பார்வையிடும் ‘அமைதி வாரிய’த்துக்கு அவர் தலைவராக இருக்கப் பாதுகாப்பு அவை ஒப்புதல் தந்தது. கூடாரத்தில் குழந்தை பெற்றவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

எனவே தோழிகளே, அமைதி முயற்சிக்குச் சர்வதேச ஆதரவு என்று அடுத்த முறை செய்தி வரும்போது எத்தனை நாடுகள் என்று எண்ணாதீர்கள். அந்த நாடுகள் ஆயுதம் அனுப்புவதை நிறுத்தினவா? குடியேற்றங்களில் விளைந்ததை வாங்குவதை நிறுத்தினவா? ஒரு கர்ப்பிணி எந்தச் சாவடியிலும் நிற்காமல் மருத்துவமனை போய்ச்சேர எந்தத் தேதியைக் குறித்தன? நம் அரசிடமும் இதையே கேளுங்கள். பதில் இல்லையென்றால் அதை ஆதரவு என்று அழைக்க மறுத்துவிடுங்கள்.