இல்லமும் உடல்நலமும்: நடக்கலாம், சுமக்கலாகாது



பித்தப்பைக் கற்களுக்காக அறுவை சிகிச்சை பெற்ற என் மனைவி மறுநாளே வீடு திரும்பினாள். வயிற்றில் நான்கு சிறு வடுக்கள். அவற்றுள் பெரியதும் ஒரு விரலகலம் இராது. "இவ்வளவுதானா!" என்று வியந்தேன். அவ்வியப்பே பிழைக்கு வித்தாயிற்று. ஆறாம் நாள் காலை, குழாயில் நீர் வரும் வேளை. நான் அலுவலகம் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். நிறைந்த வாளியை அவள் தூக்கினாள். தொப்புளருகே சுரீரென்று வலி எழ, அப்படியே அமர்ந்துவிட்டாள். நற்பேறாகத் தீங்கு நேரவில்லை. எனினும் அன்று மருத்துவர் எடுத்துரைத்தவற்றை நம் சங்கக் குடும்பங்களுக்குச் சொல்லுதல் என் கடமை.

முன்னாளில் வயிற்றை நீளக் கீறியே பித்தப்பையை அகற்றினர். நோயாளி பல வாரம் ஓய்ந்திருக்க நேர்ந்தது. சிறு துளைகளின் வழியே அகற்றும் இம்முறையை 1985இல் ஜெர்மனியில் எரிக் மூஹே செய்துகாட்டினார். நம் நாட்டில் 1990இல், அப்போது பம்பாய் எனப்பட்ட இம்மாநகரின் ஜே. ஜே. மருத்துவமனையில், டாக்டர் டெஹெம்டன் உத்வாடியா இதனைத் தொடங்கிவைத்தார்.

சிகிச்சையின்போது கரியமிலவாயுவைச் செலுத்தி வயிற்றை உப்பச் செய்வர். எஞ்சிய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் இரண்டு மூன்று நாள் தோள்பட்டை வலிக்கலாம். அஞ்ச வேண்டுவதில்லை. மெல்ல நடப்பதே நன்று.

ஆம், நடத்தல் வேண்டும். "வயிற்றை அறுத்திருக்கிறது, அசையாதே" என்று கட்டிலிலேயே கிடத்துவது அன்பன்று. அசையாது கிடந்தால் கால் சிரைகளில் குருதி உறையலாம். நுரையீரலில் சளி தங்கலாம். முதல் நாளிலேயே அறைக்குள் சில அடிகள். பின்பு நாளுக்கு நாள் சற்றே கூட்டிக்கொள்ளலாம். களைப்புத் தோன்றின் நிறுத்திவிடுக. இருமும்போதும் தும்மும்போதும் சிறு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டால் வலி குறையும்.

சுமத்தலோ வேறு. மேல்தோல் சில நாட்களில் கூடிவிடும். உள்ளே தசையை மூடிய உறை வலுப்பெறப் பல வாரம் செல்லும். அதற்குள் பாரம் தூக்கின், துளையிட்ட இடத்தில் குடல் பிதுங்கிக் குடலிறக்கம் உண்டாகலாம். சமையல் முதலிய இலேசான வேலைகளை ஓரிரு வாரத்தில் தொடங்கலாம். பாரம் தூக்குதலை நான்கு முதல் ஆறு வாரம் விலக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. அவரவர் மருத்துவரின் சொல்லே முடிவு. 15 லிட்டர் வாளி 15 கிலோ. அரிசி மூட்டை 25 கிலோ. இடுப்பில் ஏற விரும்பும் குழந்தையும் பாரமே. நெரிசல் வேளை மின்ரயிலையும் சில நாள் தவிர்த்தல் நலம்.

காய்ச்சல், மிகுந்துவரும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, கண்ணில் மஞ்சள், புண்ணில் சீழ், கெண்டைக்காலில் வீக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே மருத்துவரிடம் செல்க. மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ கண்டால் கணமும் தாழ்த்தலாகாது.

நிற்க. பித்தப்பைக் கல் ஆடவரினும் பெண்டிரிடமே மிகுதி. சொந்த ஊராயின் தாயோ தமக்கையோ வந்து துணை நிற்பர். இங்கே யார் உளர்? "தூக்காதே" என்று சொல்லிவிட்டு நாம் அலுவலகம் சென்றால், வாளி தானே நகருமா? அவள் விதியை மீறியது தன் விருப்பத்தாலன்று, என் கவனக்குறைவால்.

அதன்பின் ஆறு வாரம் நானே அரைமணி முன்னதாக எழுந்து நீர் பிடித்தேன். நான் இல்லாத நாட்களில் அண்டைவீட்டு மராத்தி அம்மையார் உதவினார். நாளொன்றுக்குப் பன்னிரண்டு வாளி! இத்தனை ஆண்டுகளாக அவள் சுமந்தது எவ்வளவு என்பதை என் தோள் அப்போதுதான் அறிந்தது. அவள் நலமடைந்துவிட்டாள். வாளிகளுள் பாதி இன்றும் என்னுடையவையே.