சுவார்ட்ஸ் ஐயரின் சுத்தமான கை

சில வருஷங்களுக்கு முன்பு தூத்துக்குடியில் ஒரு சபையின் ஆண்டுவிழாவில் சுவார்ட்ஸ் ஐயரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். (எங்கள் பக்கம் போதகரை ‘ஐயர்’ என்போம், வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம்.) அவர் மிஷனரி மட்டுமில்லை, கிழக்கிந்தியக் கம்பெனியின் தூதராகவும் போனவர் என்று சொன்னேன். மேடையை விட்டு இறங்கியதும் ஒரு பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, ஐயரைப் போயி கம்பெனி ஆளுங்கீயளே? ஒரு பைசா தொட்டவரா அவரு?” விழா மலரில் என் கட்டுரை வந்தது. அதில் 1779ஆம் வருஷம் மட்டும் இல்லை.

பெரியவர் சொன்னது உண்மைதான். அவர் பைசா தொடவில்லை. என் சண்டையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கிறிஸ்டியான் ஃபிரெடரிக் சுவார்ட்ஸ் 1726இல் பிரஷ்யாவின் சோனன்பர்க்கில் பிறந்தார். அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. ஹாலேயில் படித்தார், தமிழும் அங்கேயே தொடங்கியது. 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கினார். பிறகு திருச்சி, தஞ்சாவூர். தமிழ், மராட்டி, பாரசீகம், போர்த்துக்கீசு என்று பேசுவார். இப்படி ஒரு ஆள் கிடைத்தால் எந்த அரசாங்கம் சும்மா விடும்? 1779இல் சென்னை கவர்னர் தாமஸ் ரம்போல்ட் அவரை ரகசியமாக ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு, ஹைதர் அலியிடம் அனுப்பினார். அந்த வருஷம் மார்ச்சில்தான் ஹைதரின் பாதுகாப்பில் இருந்த மாஹேயைக் கம்பெனிப் படை பிடித்திருந்தது. அடித்துவிட்டு, ‘நமக்குள்ளே சண்டை வேண்டாம்’ என்று சொல்ல ஒரு நல்ல மனுஷன் தேவைப்பட்டார்.

ஐயர் போக ஒப்புக்கொண்டதற்குத் தன் நாட்குறிப்பில் மூன்று காரணம் எழுதியிருக்கிறார். இதில் அரசியல் சூழ்ச்சி இல்லை, சமாதானம் மட்டுமே நோக்கம் என்பது முதலாவது. போகிற இடத்தில் வேதம் சொல்லலாம் என்பது இரண்டாவது. கம்பெனிக்காரர்கள் தனக்குக் காட்டிய தயவுக்கு நன்றி என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதை நம் மலர்கள் எப்போதும் விழுங்கிவிடும்.

ஹைதர் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசினார். கம்பெனி சொன்ன சொல்லை மீறியதை எடுத்துச் சொன்னார். வழிச்செலவுக்கு 300 ரூபாய் கொடுத்தார். ஐயர் அதை அப்படியே சர்க்காரிடம் ஒப்படைத்தார், பிறகு அது தஞ்சாவூரில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போனது. இந்தக் கதையை எனக்கு ஓய்வுநாள் பள்ளியில் நாலு தடவையாவது சொல்லியிருப்பார்கள். அடுத்த வருஷம் ஜூலையில் ஹைதர் படையோடு கர்நாடகத்தில் இறங்கினார் என்பதையும், செப்டம்பரில் பொள்ளிலூரில் கம்பெனிப் படை நொறுங்கியதையும் ஒருத்தரும் சொல்லவில்லை. அந்தத் தூது என்ன ஆயிற்று என்று கேட்கவாவது வேண்டாமா?

பஞ்சத்தில் நடந்ததையும் சொல்கிறேன், இல்லாவிட்டால் அநியாயம். அந்த யுத்தத்தில் தஞ்சைக் கோட்டைக்குள் ஆட்கள் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தார்கள். கூலி கொடுக்காமல் ஏமாற்றியே பழகிய சர்க்காருக்கு ஜனங்கள் மாடு தர மறுத்தார்கள். ‘கூலிக்கு நான் பொறுப்பு’ என்றார் ஐயர். ஆயிரம் மாடுகள் வந்தன, 80,000 கலம் தானியம் வந்து சேர்ந்தது. சொன்னபடி கூலியும் கொடுத்தார். எத்தனை உயிர் அதனால் தப்பியிருக்கும்! ஆனால் அதே தானியத்தில்தான் கோட்டைக் காவல் படையும் தின்று பிழைத்தது. கம்பெனியிடம் பீரங்கி இருந்தது, பணம் இருந்தது, நாணயம் இல்லை. அதை ஐயரிடம் கடன் வாங்கிக்கொண்டார்கள். வட்டி யார் கட்டினது?

எங்கள் ஜில்லா கட்டியது. 1783 ஆகஸ்டில் கர்னல் ஃபுல்லர்டன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை அடித்துப் பிடித்தார். தூத்துக்குடியில் கடை விரித்திருந்த டச்சுக்காரர்களோடு கட்டபொம்மு நாயக்கர் செய்துகொண்ட ஒப்பந்தம் உள்ளே சிக்கியது. (வீரபாண்டிய கட்டபொம்மன் அல்ல, அவருக்கு முந்தியவர்.) ஐரோப்பியர்களுக்கு இந்த நாட்டில் ஏற்பட்ட கெட்ட பெயரைச் சுவார்ட்ஸின் நேர்மைதான் துடைத்தது என்று எழுதியவரும் இதே ஃபுல்லர்டன்தான். நம் மலர்கள் தவறாமல் எடுத்துப் போடுகிற நற்சான்று அது. கையெழுத்துப் போட்டவர் யார், அதே வருஷம் ஓட்டப்பிடாரம் பக்கம் அவர் என்ன செய்தார் என்று ஒரு அடைப்புக்குறியாவது போடக்கூடாதா? அந்த வருஷக் கடைசியில் திப்புவிடம் போகவும் ஐயரையே அனுப்பினார்கள். திப்புவின் ஆட்கள் வழியிலேயே நிறுத்தித் திருப்பிவிட்டார்கள். அப்பனுக்கு இருந்த நம்பிக்கை மகனுக்கு இல்லை. அதில் திப்புவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பாளையங்கோட்டைக்கு வருவோம். தஞ்சாவூர் பிராமண விதவை ஒருத்தி, ஓர் ஆங்கில அதிகாரியோடு வாழ்ந்தவள், ஞானஸ்நானம் கேட்டாள். தாலி இல்லாத வாழ்க்கை என்று ஐயர் மறுத்தார். அந்த அதிகாரி செத்த பிறகு, 1778இல்தான் கொடுத்தார். அவள்தான் கிளாரிந்தா. அவள் கட்டின சிறிய கோவிலை இன்றும் பாப்பாத்தியம்மாள் கோவில் என்கிறோம். அ. மாதவையா 1915இல் அவளை வைத்து ஆங்கிலத்தில் நாவலே எழுதினார். ஒரு தனிப் பெண் வெள்ளைக்கார அதிகாரியோடு இருந்தது ஐயரின் மனசாட்சியை வருஷக்கணக்கில் உறுத்தியது. அடுத்த வருஷம் வெள்ளைக்கார கவர்னர் கூப்பிட்டபோது அதே மனசாட்சிக்கு மூன்று காரணம் போதுமானதாக இருந்தது.

‘எல்லா பாதிரியும் உளவாளிதான்’ என்று கிளம்புகிறவர்களுக்கும் நான் ஆள் இல்லை. உளவாளிக்குத் தான் செய்வது தெரியும். ஐயருக்குத் தெரிந்திருந்தால் அவரை மன்னிப்பது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தஞ்சாவூரில் அவர் வளர்த்த சரபோஜிக்காகக் கடைசிவரை வாதாடினார். 1798 பிப்ரவரியில் இறந்துபோனார். அதே வருஷம் சரபோஜி பட்டத்துக்கு வந்தார், 1799 அக்டோபரில் நாட்டைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் கோட்டைக்குள் அடங்கினார். ஐயருக்கு அவர் வைத்த பளிங்குச் சிலை இன்னும் தஞ்சாவூரில் இருக்கிறது. லண்டனில் ஃபிளாக்ஸ்மன் செதுக்கியது, நல்ல வேலைப்பாடு.

முத்துக்குளித்துறைக்கு இது புதுசும் இல்லை. 1530களில் பரதவர்களைப் போர்த்துக்கீசியரிடம் கூட்டிப்போன ஜோவான் த குரூஸ், முன்பு சாமூதிரியின் ஆளாக லிஸ்பன் போய் அங்கே ஞானஸ்நானம் பெற்றவர், குதிரை வியாபாரி. அவருடைய குதிரைக் கணக்கைப் பேச கத்தோலிக்க நண்பர்கள் இப்போது தயங்குவதில்லை. நமக்குத்தான் இன்னும் கூச்சம்.

அந்தப் பெரியவர் இந்த வருஷமும் போன் பண்ணினார். “பாளையங்கோட்டையைப் பத்தி எழுதுங்க தம்பி, மைசூரு வேண்டாம்” என்றார். சரி என்றேன். கிளாரிந்தாவில் ஆரம்பித்து ஃபுல்லர்டனில் முடிக்கப்போகிறேன். இந்தத் தடவை எந்த வருஷத்தை வெட்டுகிறார்கள் பார்ப்போம்.