கோகோ பயிற்சி தோப்பில் நடக்கட்டும்

திருவண்ணாமலையில், ரமணாசிரமம் தாண்டிச் செங்கம் சாலைப் பக்கம், கிணற்றை நம்பித் தென்னை வைத்திருப்பவரா நீங்கள்? தென்னைக்கு நடுவே கோகோ வைத்தால் என்ன என்ற யோசனை உங்களுக்கும் வந்திருக்கும். 2024 கோடையில் உலர்ந்த கொட்டை கிலோ 1,000 ரூபாயைத் தொட்டதே! ஆனால் அந்த விலை நிற்கவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் விளைச்சல் குறைந்ததால் ஏறிய விலை அது. 1980களின் தொடக்கத்தில் விலை விழுந்தபோது கேரளத்தில் பலர் மரத்தையே வெட்டிப் போட்டார்கள்.

முதலில் தண்ணீர்க் கணக்கு. ஏக்கருக்கு 200 செடி, கோடையில் சொட்டுநீரில் செடிக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 20 லிட்டர் என்றால் 4,000 லிட்டர். தென்னைக்குப் பாய்ச்சுவது தனி. சித்திரையில் உங்கள் கிணறு இதைத் தாங்காது என்றால் கோகோவை விட்டுவிடுங்கள்.

தாங்கும் என்றால், கன்றுக்கு முன்பே கேட்க வேண்டியது பயிற்சி. மண்டபத்தில் நாற்காலி போட்டு, கையேடும் டீயும் கொடுத்து, கையெழுத்து வாங்கி அனுப்பும் பயிற்சி இந்தப் பயிருக்கு உதவாது. கோகோவின் மகசூல் கவாத்தில் இருக்கிறது. கிளைகள் பிரியும் இடத்துக்குக் கீழே நேராகக் கிளம்பும் போத்துகளை விட்டுவிட்டால் மரம் உயரே ஓடும். காய் குறையும், பறிக்கவும் எட்டாது. எந்தக் கிளையை எடுப்பது, எதை விடுவது என்பதைக் கத்தரியைக் கையில் பிடித்து, நாலு மரத்தில் வெட்டிப் பார்த்தால்தான் பிடிபடும்.

பறிப்பும் அப்படியே. பூ வருவது தண்டிலேயே. காயைப் பிடித்து இழுத்தால் பூ வரும் கணுவும் சேர்ந்து பிய்ந்துவிடும். பிறகு அந்த இடத்தில் காய் இல்லை. காம்பைக் கத்தியால் நறுக்க வேண்டும். ஆனால் காயை உடைக்கக் கத்தி வேண்டாம், கொட்டை வெட்டுப்படும். கட்டையால் தட்டினால் போதும்.

அடுத்து, ஐந்தாறு நாள் நொதிக்க வைப்பது. குவியல் சிறிதாக இருந்தால் சூடேறாது. சூடேறாவிட்டால் சாக்லேட் மணம் வராது. பத்து மரம் வைத்திருப்பவர் தனியாகச் செய்ய முடியாத வேலை இது. பக்கத்துத் தோப்புக்காரர்கள் ஒரே நாளில் பறித்துச் சேர்த்துப் போட வேண்டும், அல்லது ஈரக் கொட்டையாகவே விற்க வேண்டும். வாங்குபவர் யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை வருவார் என்பதைக் கன்று நடும் முன்பே பேசி முடியுங்கள்.

வேளாண் அலுவலர்களே, ஆத்மா திட்டத்தில் கண்டுணர்வு சுற்றுலாவுக்கு ஆனைமலை, பொள்ளாச்சித் தோப்புகளைக் கேளுங்கள். கவாத்து நடக்கும் நாளாகப் பார்த்துக் கூட்டிப்போங்கள். ஆளுக்கொரு கத்தரியும் எடுத்துக்கொள்ளுங்கள்.