பனியாறும் ஓர் ஏரியே

கோடை பிறந்ததும் நம் ஊர்களிலிருந்து புதியதொரு யாத்திரை புறப்படுகிறது. வில்லியனூரிலும் பாகூரிலும் ஏரிப் பாசனத்தில் விளைந்த நெல்லை உண்டு வளர்ந்த பிள்ளைகள், மோட்டார் சைக்கிள்களிலும் கார்களிலும் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடந்து லடாக்கைச் சென்றடைகின்றனர். பனியாறுகளைக் காண வேண்டும், பனிச்சிறுத்தை வாழும் மலைகளில் உலவ வேண்டும் என்பது அவர்தம் வேட்கை. திரும்பும்போது அவர்கள் கொண்டு வருவன யாவை? ஏறத்தாழ 5,300 மீட்டர் உயரமுள்ள தக்லாங் லா கணவாயின் பெயர்ப்பலகை முன் எடுத்த நிழற்படங்களும், மலையை வென்றுவிட்டோம் என்ற பெருமிதமுமே. இந்தப் பெருமிதத்தைத்தான் நாம் மறுக்கிறோம்.

பயணத்தை நாம் பழிக்கவில்லை. ஊரைவிட்டு வெளியே கால் வைக்காதவன் உலகை அறியான். ஆயினும் ஏரி நாட்டில் பிறந்த ஒருவன் பனியாற்றின் முன் நின்று அதனை வெறும் காட்சியாக மட்டும் கண்டு திரும்புவானாயின், அவன் கண்ணிருந்தும் காணாதவனே. ஏனெனில் பனியாறு என்பது வடபுலத்து உழவனின் ஏரி.

லே நகரில் ஆண்டு முழுவதும் பெய்வது ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் மழையும் பனியுமே. நம் புதுச்சேரியில் அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல் பெய்கிறது. அத்தகைய வறண்ட மலைநாட்டில் பார்லியும் கோதுமையும் விளைவது எங்ஙனம்? குளிர்காலத்துப் பனியை மலை தன் மடியில் தேக்கிவைத்துக் கோடையில் சிறுகச் சிறுக உருக்கித் தருகிறது. அந்நீரை முறைவைத்துப் பங்கிட ஊரார் ஒருவரை நியமிக்கின்றனர். அவருக்குச் சுர்போன் என்று பெயர். மடை திறக்க நம் முன்னோர் ஏற்படுத்திய நீர்க்கட்டிக்கும் அவருக்கும் பணியில் என்ன வேறுபாடு? தென்பெண்ணை நீரைப் பங்காரு வாய்க்கால் வழியே பாகூர் ஏரிக்குக் கொண்டு வந்த மக்களின் வழித்தோன்றல்களுக்கு இது விளங்காமற் போவது வியப்பன்றோ?

அந்த ஏரி இன்று வற்றி வருகிறது. உலகெங்கும் பனியாறுகள் சுருங்குவதால் ஐக்கிய நாடுகள் அவை 2025ஆம் ஆண்டைப் பனியாறுகளின் பாதுகாப்புக்கெனக் குறித்தது. லடாக்கிலோ இந்த இழப்பு விதைப்புக் காலத்திலேயே தெரிகிறது. பனியாறுகள் மேலே மேலே பின்வாங்க, சித்திரை வைகாசியில் விதைக்க வேண்டிய நேரத்தில் நீர் வந்து சேர்வதில்லை. ஆகவேதான் சேவாங் நோர்பெல் என்னும் லடாக்கியப் பொறியாளர், 1980களின் இறுதி தொட்டு, கிராமங்களுக்கு அண்மையில் ஓடை நீரைத் தேக்கி உறையவைத்துச் செயற்கைப் பனியாறுகளை அமைக்கலானார். அப்பனி முன்னதாகவே உருகி விதைப்புக்கு உதவுகிறது. 2015இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவர் செய்தது ஏரி வெட்டும் வேலையன்றி வேறென்ன?

இப்போது நம் யாத்திரிகரிடம் வருவோம். வண்டிகள் கக்கும் கரி, பனிமேல் படிந்து வெயிலை உறிஞ்சுகிறது. பனி விரைந்து உருகுகிறது. இதனைக் கருத்திற் கொண்டே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், ரோதங் கணவாய்க்கு நாளொன்றுக்கு ஆயிரம் சுற்றுலா வாகனங்களே செல்லலாம் என 2015இல் வரம்பு விதித்தது. 2020இல் திறக்கப்பட்ட ஒன்பது கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதையோ அக்கணவாயைக் கடக்கும் தொல்லையையே நீக்கிவிட்டது. வழி எளிதாயிற்று, பொறுப்பும் கூடிற்று. பொறுப்பு உணரப்பட்டதா? 2022இல் பாங்கோங் ஏரியின் நீருக்குள்ளேயே காரை ஓட்டிக் களித்தோரை நாடே கண்டது. பாகூர் ஏரிக்குள் ஒருவன் அவ்வாறு வண்டியை இறக்கினால் நாம் பொறுப்போமா?

கானுயிர்களின் நிலையும் இதுவே. சாங்தாங் மேட்டு நிலத்தில் கியாங் என்னும் காட்டுக்கழுதைக் கூட்டத்தைக் கண்டதும் படமெடுக்க வண்டியில் துரத்துகின்றனர். முகாம்களும் விடுதிகளும் கொட்டும் எச்சிலுணவில் பெருகிய தெருநாய்கள், கருங்கழுத்துக் கொக்கின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்கின்றன. லடாக் ஒன்றியப் பகுதி தனக்குரிய பறவையெனப் பெருமையுடன் ஏற்றுக்கொண்ட கொக்கு அது!

"சுற்றுலாவால் அம்மக்களுக்கு வருவாய் கிட்டுகிறதே" என்பர் சிலர். உண்மை, அதனை நாமும் ஏற்கிறோம். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் லடாக்கிய மலைக் கிராமங்கள் சில தம் வீடுகளிலேயே விருந்தினரைத் தங்கவைக்கத் தொடங்கின. ஆடுகளைக் கொல்லும் பனிச்சிறுத்தையைப் பகையாகக் கண்ட இடையர்கள், அதனைக் காண வருவோரால் பிழைப்பு உண்டென்றதும் அதன் காவலர்களாயினர். 2024இல் வெளியான கணக்கெடுப்பின்படி இந்தியாவிலுள்ள 718 பனிச்சிறுத்தைகளில் 477 லடாக்கிலேயே வாழ்கின்றன. ஆனால் இவ்வருவாய் கிட்டுவது, அம்மக்களின் கூரையின்கீழ் தங்கி, அவர்கள் உணவை உண்டு, நீரை வீணாக்காத அவர்களது உலர் கழிப்பறையையே பயன்படுத்தி, அவர்களோடு நடந்து செல்லும் விருந்தினனால். ஆழ்குழாய்க் கிணற்று நீரை ஷவரிலும் கழிப்பறையிலும் கொட்டிவிட்டு மறுநாளே அடுத்த கணவாய்க்குப் பறப்பவன், கொடுப்பதைவிட எடுத்துச் செல்வதே மிகுதி.

வடபுலத்து விருந்தினர் நம் நாட்டுக்கும் வருகின்றனர் என்பதை மறவோம். லடாக்கின் சோ மோரிரி ஏரிக்கரையில் குஞ்சு பொரிக்கும் வரித்தலை வாத்தினம், இமயத்தைத் தாண்டித் திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளம் வரை வந்து குளிர்காலத்தைக் கழிப்பதுண்டு. ஒரு துளி பெட்ரோல் செலவின்றி, ஒரு துண்டுக் குப்பை போடாமல் வந்து போகும் பயணம் அது. வில்லியனூரை அடுத்த ஊசுட்டேரியும் வலசைப் பறவைகளின் தங்குமிடமே. 2008இல் புதுவை அரசு அதனைச் சரணாலயமாக அறிவித்தது. பாங்கோங்கின் நீலத்தைப் புகழும் நம்மவருள் எத்தனை பேர் ஒரு மார்கழி விடியலில் ஊசுட்டேரிக் கரையில் நின்றிருப்பர்? அதன் கரையில் வீசப்படும் பிளாஸ்டிக் பைகளை எத்தனை பேர் தட்டிக் கேட்டிருப்பர்?

ஆதலின் இளைஞர்க்கு நாம் உரைப்பது இதுவே. செல்லுங்கள், ஆனால் ஏரி நாட்டாராகச் செல்லுங்கள். ஆண்டுதோறும் பறக்க வேண்டா. ஒருமுறை சென்று நெடுநாள் தங்குங்கள். கணவாயின் உயரத்தைக் கேட்பதற்கு முன், அவ்வூருக்கு நீர் எங்கிருந்து வருகிறதென்று கேளுங்கள்; சுர்போனோடு அமர்ந்து பேசுங்கள். அவர் தம் வாய்க்காலைக் காட்டி முடித்தபின், "உங்கள் ஊர் ஏரி எப்படி இருக்கிறது?" என்று வினவினால், தலைகுனியாமல் விடை சொல்லும்படி உங்கள் ஏரியை வைத்திருங்கள்.